மாட்டைக் கீழே தள்ளித்தான் ஊசி போட வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், மாட்டுக்கு வாயிலும் குளம்பிலும் புண் வைக்கிற கோமாரி நோய்க்கான தடுப்பூசி முகாம் படம் ஒன்று வந்திருந்தது. ஒருவர் மூக்கணாங்கயிற்றை இழுக்கிறார், இன்னொருவர் கொம்பைப் பிடித்துத் தொங்குகிறார், மூன்றாவது ஆள் பின்னால் நின்று வாலை முறுக்குகிறார், மாட்டின் கண்ணில் வெள்ளை மட்டும்தான் தெரிகிறது. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் ஊரிலும் அப்படித்தான் நடக்கிறது, நானும் பல முறை கொம்பைப் பிடித்துத் தொங்கியவன்தான். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என் அம்மா, "பாவம்டா, அதுக்கு என்ன ஆவுதுன்னே தெரியல" என்று சொன்னதிலிருந்து இதை எழுதியே ஆக வேண்டும் என்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்திலிருந்து பாலக்கோடு போகிற பக்கம் எங்கள் ஊர். ஆறு கறவை, மூன்று கிடேரி, கொஞ்சம் மாந்தோப்பு, மழை பெய்தால் ராகி. காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றித்தான் குடும்பம் ஓடுகிறது. பால் விலை பற்றி எத்தனையோ கடிதங்கள் உங்கள் பக்கத்தில் படித்திருக்கிறேன். 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ஆனதும், 2023 டிசம்பரில் இன்னும் 3 ரூபாய் சேர்ந்ததும் எல்லோருக்கும் தெரியும், அதற்காக நாங்களும் ரோட்டில் நின்றோம். ஆனால் மாட்டை எப்படிப் பிடிக்கிறோம், எப்படி நடத்துகிறோம், எப்படி வண்டியில் ஏற்றுகிறோம் என்பதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அதில் நமக்குப் போகிற காசு கணக்கில் வராமலே போகிறது, மாடு படுகிற வேதனையும் அப்படியே.

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். எந்த முகாம், யார் நடத்தியது என்று எழுதப்போவதில்லை, வந்திருந்த டாக்டரும் உதவியாளரும் விடிகாலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் நின்றவர்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. கோயில் முன்னால் இருக்கிற மைதானத்தில் முகாம். எழுபது எண்பது மாடுகள், ஒன்றுக்கொன்று முகம் தெரியாத மாடுகள், நாய்கள், பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள், ஒலிபெருக்கி வேறு. என் கிடேரி ஒன்று தலைச்சன் சினை, ஆறு மாதம். கொட்டகையை விட்டு அவ்வளவு தூரம் அது வந்ததே இல்லை. ஊசியைப் பார்த்து மிரண்டது என்று எல்லோரும் சொன்னார்கள், உண்மையில் அது ஊசியைப் பார்க்கவே இல்லை, பின்னாலிருந்து ஒருவர் ஓடி வந்து தொடையில் தட்டியதும்தான் எகிறியது. நான்கு பேர் கயிற்றை இழுத்தோம். அது கோயில் படிக்கட்டில் வயிறு அடிபட விழுந்தது. கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருந்த என் மச்சானும் கூடவே இழுபட்டு விழுந்து, அவருக்கு விலா எலும்பில் விரிசல். விழுந்து கிடந்த மாட்டுக்கே ஊசியும் போட்டோம். ஐந்தாவது நாள் கன்று விழுந்துவிட்டது.

ஊரில் என்ன பேச்சு தெரியுமா? "ஊசி போட்டதால செனை கலைஞ்சிடுச்சு." நானும் ஒரு மாதம் அப்படியே நம்பிக்கொண்டு சொல்லிக்கொண்டு திரிந்தேன். அடுத்த சுற்று தடுப்பூசிக்கு எங்கள் தெருவில் பாதிப் பேர் மாடுகளை ஓட்டி வரவில்லை, தோப்புக்குள் கட்டிவிட்டு "மாடு மேய்ச்சலுக்குப் போயிருக்கு" என்று சொல்லி அனுப்பினார்கள். இதுதான் எனக்குப் பெரிய பயத்தைக் கொடுத்தது. 2013-ல் கர்நாடகத்திலும் நம் மாநிலத்திலும் கோமாரி பரவியபோது என்ன ஆனது என்று மாடு வைத்திருக்கிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாயில் நுரை, குளம்பில் புண், மடியெல்லாம் கொப்புளம், தப்பிப் பிழைத்த மாடும் பழைய பாலுக்குத் திரும்புவதில்லை, வெயில் வந்தால் நாய் மாதிரி மூச்சு வாங்கும். 2019-ல் மத்திய அரசு கோமாரியையும் கருச்சிதைவு நோயையும் ஒழிக்கத் தேசியத் திட்டம் கொண்டுவந்த பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வீடு தேடி வந்து இலவசமாகப் போடுகிறார்கள், காதில் பன்னிரண்டு இலக்கத் தோடும் போடுகிறார்கள். ஊரில் எல்லா மாட்டுக்கும் போட்டால்தான் ஊருக்குப் பாதுகாப்பு. பாதி மாடு தோப்புக்குள் ஒளிந்திருந்தால் நோய்க்கு அதுவே போதும்.

தடுப்பூசி போட்டால் ஓரிரு நாள் பால் கொஞ்சம் குறையும், லேசாகக் காய்ச்சல் இருக்கும், அது உண்மை, டாக்டர்களே சொல்கிறார்கள். ஆனால் மாட்டைத் துரத்திப் பிடித்து, கட்டி, கீழே தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து போட்டால் அதற்கு மேல் என்ன ஆகும் என்று நாம் யோசிப்பதில்லை. பழி மட்டும் மருந்து மேல் விழுகிறது.

என் மகள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். கிடேரிக்கு நடந்ததைச் சொன்னபோது அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அப்பா, மாட்டுக்குப் பின்னாடி கண்ணு தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?" தெரியும் என்றுதான் சொன்னேன். ஆனால் அவள் விளக்கிய பிறகுதான் நாற்பது வருடமாக மாட்டோடு இருந்தும் எவ்வளவு தெரியாமல் இருந்திருக்கிறேன் என்று புரிந்தது. மாட்டின் கண்கள் தலையின் இரண்டு பக்கவாட்டிலும் இருப்பதால், தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றி 300 டிகிரிக்கு மேல் அதற்குத் தெரியும். வாலுக்கு நேர் பின்னால் மட்டும் தெரியாது. அங்கே ஏதாவது அசைந்தால், அது புலியா மனிதனா என்று பார்க்க அதற்கு வழி இல்லை, உதைக்கும் அல்லது பாயும். அப்புறம், சுற்றிலும் தெரிகிறதே தவிர ஆழம் மேடு பள்ளம் சரியாகத் தெரியாது, அதற்குத் தலையைக் குனிந்து நின்று பார்க்க வேண்டும். தரையில் விழுந்திருக்கிற நிழல், வாய்க்கால் மேல் போட்ட கம்பிச் சட்டம், தேங்கிய தண்ணீரில் பளபளக்கிற வெளிச்சம், இதெல்லாம் அதற்குப் பள்ளமா தரையா என்று தெரியாது. நாம் என்ன செய்கிறோம்? அது குனிந்து பார்க்கப் போகிற அதே நேரத்தில் மூக்கணாங்கயிற்றை மேலே தூக்கி இழுக்கிறோம். மூக்கும் வலிக்கிறது, தரையும் தெரியவில்லை, அது எப்படி நகரும்? பிடிவாதம் பிடிக்கிறது என்று அடிக்கிறோம்.

சத்தமும் அப்படித்தான். நம் காதுக்கு எட்டாத கீச்சுச் சத்தம்கூட மாட்டுக்குக் கேட்கும். தகரக் கதவு உரசுவது, இரும்புக் குழாய் மோதுவது, விசில், எல்லாம் அதற்குக் காதில் குத்துகிற மாதிரி. நாலு பேர் "ஹேய் ஹேய்" என்று கத்தினால் மாடு அடங்கும் என்று நாம் நினைக்கிறோம், அது கத்தலுக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று தேடிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்று ஒரு பேராசிரியர் இருக்கிறார், 1947-ல் பிறந்தவர், ஆட்டிசம் உள்ளவர், கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை அறிவியல் சொல்லிக்கொடுப்பவர். அங்கெல்லாம் ஆயிரக்கணக்கில் மாடு வைத்திருக்கிற மேய்ச்சல் பண்ணைகள், அந்த மாடுகள் மனிதனைப் பார்ப்பதே வருடத்தில் சில நாள். ஊசிக்கும் எடை போடவும் அவற்றை ஒரு தடுப்பு வழியாக வரிசையில் ஓட்ட வேண்டும், மாடுகள் அந்த வழியில் நுழையாமல் திரும்பித் திரும்பி ஓடின. எல்லோரும் மின்சாரக் குச்சியால் குத்திக்கொண்டிருந்தபோது, 1970-களில் இந்த அம்மா அந்த வழிக்குள் தானே இறங்கி, மாட்டின் கண் உயரத்துக்குக் குனிந்து பார்த்தார். வேலியில் தொங்கிய சங்கிலி, நிழல், காற்றில் ஆடுகிற துணி, இவைதான் மாட்டை நிறுத்துகின்றன என்று கண்டுபிடித்து, அவற்றை எடுத்துவிட்டதும் மாடு தானாகப் போனது. அப்புறம் வழியை வளைவாகக் கட்டச் சொன்னார், பக்கச் சுவரை அடைத்துக் கட்டச் சொன்னார், பயமுறுத்துகிற எதுவும் கண்ணில் படாமல் முன்னால் போகிற மாட்டின் பின்புறம் மட்டும் தெரிய அது நடந்துவிடும். மகள் போனில் அந்தப் படங்களைக் காட்டியபோது நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் அப்பா காலத்து ஆட்கள் இதில் பாதியைப் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள் என்று தோன்றியது.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டை ஒட்டிப் பட்டி போட்டு மாடு வைத்திருக்கிறவர்களைப் பாருங்கள். பட்டி மாடும் அந்தப் பண்ணை மாடு மாதிரிதான், மூக்கு குத்தாதது, கிட்டே போனால் விலகிப் போகும். அந்தப் பட்டிக்காரர் ஒருவர் ஐம்பது மாட்டைத் தனியாக உள்ளே ஓட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். கையில் குச்சி இருந்தது, ஒரு தடவைகூட ஓங்கவில்லை. மாட்டின் தோளுக்குக் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார், அது முன்னால் போனது. தோளுக்கு முன்னால் வந்தார், அது நின்றது, பின்வாங்கியது. இன்னும் ஒரு அடி கிட்டே வைத்தார், நகர்ந்தது, அவர் உடனே நின்றுகொண்டார், அதுவும் நடையைக் குறைத்தது. மாட்டைச் சுற்றி அதற்கென்று ஓர் எல்லை இருக்கிறது, அதற்குள் நாம் நுழைந்தால் விலகும், வெளியே வந்துவிட்டால் நிற்கும் என்று என் மகளின் பாடத்தில் எழுதியிருக்கிறது. பட்டிக்காரருக்கு அது உடம்பில் இருக்கிறது. இப்போது அந்தப் பக்கம் பெரும்பகுதி காவேரி வடக்கு, தெற்கு வனவிலங்கு சரணாலயங்களுக்குள் வந்துவிட்டது, காட்டுக்குள் மேய்ச்சலுக்கும் தடைகள், பட்டிகள் குறைந்துகொண்டே வருகின்றன. காடு காக்கப்பட வேண்டும்தான், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்த ஆட்களோடு இந்த வித்தையும் போய்விடுமே என்று வருத்தமாக இருக்கிறது.

லாடம் அடிக்கிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊருக்கு மாதம் ஒரு முறை லாடக்காரர் வருவார். எங்களுடையது பெரிய உழவு எருதுகள், ஆலம்பாடி மாடு, ஒகேனக்கல்லுக்கு அந்தப் பக்கம் காவேரிக்கரை ஊரின் பெயர் கொண்ட நம் பக்கத்து நாட்டு மாடு. (பர்கூர் மாடு என்றதும் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர் என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள், அது ஈரோடு அந்தியூர் மலையில் இருக்கிற பர்கூர். நமக்குச் சொந்தம் ஆலம்பாடிதான்.) அவ்வளவு பெரிய எருதை அந்த மனிதர் ஒருவராகவே படுக்க வைப்பார். கழுத்தில் ஒரு சுற்று, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு சுற்று, பின்னங்காலுக்கு முன்னால் வயிற்றைச் சுற்றி ஒரு சுற்று, கயிற்று நுனியைப் பின்னால் நீளமாக எடுத்துக்கொண்டு நிதானமாக இழுப்பார். எருது ஒரு பெருமூச்சு விட்டுக் காலை மடக்கி வைக்கோல் மேல் படுக்கும். தொப்பென்று விழுகிற சத்தமே வராது. அவர் அதோடு பேசிக்கொண்டே இருப்பார், என்ன பேசினார் என்று எனக்கு ஞாபகம் இல்லை, குரல் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

டிராக்டர் வந்தது, எருது போனது, லாடக்காரரும் போனார். எங்கள் வீட்டில் கடைசிச் சோடியை விற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அது வேண்டாம் இது வேண்டும் என்று சொல்ல வரவில்லை, ஜெர்சி, எச்.எஃப் என்கிற வெளிநாட்டுப் பால் மாட்டு இனங்கள் வந்துதான் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது, அதை நாங்கள் கவனிக்கவில்லை. உழவு எருது கன்றாக இருந்தபோதே மனிதன் கைக்குப் பழகியது. தினமும் நுகத்தடிக்குத் தலை கொடுத்தது, ரோட்டில் நடந்தது, பஸ்ஸைப் பார்த்தது, சந்தையைப் பார்த்தது. இப்போதைய கலப்பினக் கிடேரி பிறந்ததிலிருந்து ஒரே கட்டுத்தறியில் நிற்கிறது. தீவனம் அங்கேயே வருகிறது, தண்ணீர் அங்கேயே வருகிறது. அது வெளியே வருகிற ஒரே நாள் முகாம் நாள். அன்றைக்கு நாலு பேர் முரட்டுத்தனமாக இழுத்தால் அடுத்த ஆறு மாதம் கழித்து அது மறந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். வலி பட்ட இடத்தையும் வலி கொடுத்த ஆளையும் மாடு நினைவில் வைத்திருக்கும். எங்கள் வீட்டில் ஒரு மாடு காக்கிச் சட்டை யார் போட்டு வந்தாலும் இன்றைக்கும் மிரள்கிறது.

கிடேரியைக் கன்றிலிருந்தே தினம் கொஞ்ச நேரம் கயிற்றில் நடத்துங்கள், கழுத்து, முதுகு, கால், மடி எல்லாம் தொட்டுத் தடவிப் பழக்குங்கள். கன்று போட்ட அன்றைக்கு முதன்முதலாக மடியில் கை வைத்தால் உதைக்கத்தான் செய்யும். இதற்குக் காசு செலவில்லை, தினம் பத்து நிமிடம். எங்கள் வீட்டில் இப்போது அம்மாதான் இதைச் செய்கிறார். கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் மாட்டு வேலையில் பெரும்பங்கு பெண்கள் செய்வது, சாணி அள்ளுவதிலிருந்து பால் கறப்பது வரை. ஆனால் முகாம் என்றதும் அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஆண்கள் நாங்கள் இறங்கிவிடுகிறோம். போன சுற்றில் என் அம்மா, "நீங்க எல்லாம் தள்ளுங்கடா" என்று சொல்லிவிட்டு, மாட்டின் கழுத்துக்குக் கீழே தொங்குகிற அலைதாடியைச் சொறிந்துகொண்டே ஒரு உருண்டை ராகிக் களியை வாய்க்கு நேராகக் காட்டினார். டாக்டர் பக்கவாட்டில் வந்து கழுத்தில் போட்டுவிட்டுப் போனார். மாடு களியைத்தான் பார்த்தது.

பால் விஷயத்திலும் இது நேராகக் காசு. கன்று முட்டினாலோ மடியைக் கழுவித் தடவினாலோ மாட்டின் மூளையிலிருந்து ஒரு சுரப்பு இறங்கி, மடியில் இருக்கிற பாலை வெளியே தள்ளுகிறது. அந்தச் சுரப்பு ஐந்தாறு நிமிடம்தான் வேலை செய்யும், அதற்குள் கறந்துவிட வேண்டும். அந்த நேரத்தில் அடித்தாலோ நாய் துரத்தினாலோ பயத்தில் வேறொரு சுரப்பு வந்து அதைத் தடுத்துவிடும். "பாலை மேலே இழுத்துக்கிச்சு" என்று நாம் சொல்வது இதைத்தான். மாடு வேண்டுமென்று செய்வதில்லை. மிச்சப் பால் மடியிலேயே நின்றால் மடி நோய் வர வழியாகும். சிலர் இதற்குக் குறுக்கு வழியாக, பாலை இறக்குகிற அந்தச் சுரப்பையே ஆக்சிடோசின் என்ற ஊசியாகப் போட்டுக் கறக்கிறார்கள். 1960-ஆம் வருடத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். அதே சுரப்பை ஒரே ஆள், ஒரே நேரம், கொஞ்சம் அமைதி, இதை வைத்தே மாடு தானாகக் கொடுக்கும்.

சரி, நான் கேட்க வருகிற விஷயத்துக்கு வருகிறேன். கால்நடை ஆஸ்பத்திரிகளில் இரும்புக் குழாயில் ஒரு கூண்டு நட்டிருப்பார்கள், மாட்டை அதற்குள் விட்டு முன்னும் பின்னும் குறுக்குக் கம்பி போட்டால் அது நகராமல் நிற்கும், டாக்டர்கள் டிராவிஸ் என்கிறார்கள். அது ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஏழு கிலோமீட்டர், சினை மாட்டை யார் அவ்வளவு தூரம் நடத்துவார்கள்? 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வீட்டுக்கே வருகிறது, நல்ல விஷயம். ஆனால் வந்த டாக்டர் மாட்டை எங்கே நிறுத்தி வைத்து வைத்தியம் பார்ப்பார்? புளிய மரத்தில் கட்டி, பின்னங்காலில் கயிறு போட்டு, உதை வாங்குகிற இடத்தில் நின்றுகொண்டுதான் சினைப் பரிசோதனை செய்கிறார். சினை ஊசி போட வருகிறவர்களுக்கும் அதே நிலைமை. மிரண்டு வியர்த்து நிற்கிற மாட்டுக்குப் போட்ட ஊசியில் சினை நிற்காமல் போனால், அது மறுபடி பருவத்துக்கு வருகிற வரை இருபத்தொரு நாள் தீவனம் வீண்.

போன வருடம் எங்கள் தெருவில் பதினோரு வீடு சேர்ந்து காசு போட்டு நாங்களே ஒரு கூண்டு செய்தோம். பழைய போர்வெல் குழாய், ஊர் வெல்டிங் பட்டறை, இரண்டு நாள் வேலை. ஆறடி நீளம், இரண்டேகால் அடி அகலம், நாலு கால்களையும் இரண்டடி ஆழத்துக்குக் குழி தோண்டிக் காங்கிரீட் போட்டு நட்டோம். முதலில் கொஞ்சம் தப்பு செய்தோம், முன்பக்கம் சுவரைப் பார்த்த மாதிரி நட்டுவிட்டோம், ஒரு மாடும் உள்ளே போகவில்லை. மகள் சொன்ன பிறகு முன்பக்கம் திறந்த வெளியைப் பார்க்கும்படி பெயர்த்து நட்டோம், இருட்டிலிருந்து வெளிச்சத்தைப் பார்த்து மாடு போகும், சுவரைப் பார்த்துப் போகாது. தரையில் சிமெண்டு வழுக்கியது, சொரசொரப்பாக்கி மேலே பழைய ரப்பர் விரிப்பு போட்டோம். கம்பி மோதுகிற இடத்தில் சைக்கிள் டியூப் சுற்றினோம், சத்தம் வராது. முக்கியமாக, ஊசி நாளில் மட்டும் மாட்டை அங்கே கொண்டு போகக்கூடாது என்று பேசி வைத்துக்கொண்டோம். வாரத்தில் ஒரு நாள் அதன் வழியாக நடத்தி, உள்ளே கொஞ்சம் புண்ணாக்கு வைத்து, வெளியே விட்டுவிடுவோம். இப்போது சில மாடுகள் கயிற்றை விட்டால் தானாகவே உள்ளே போய் நின்று புண்ணாக்குத் தேடுகின்றன. போன சுற்று தடுப்பூசியில் எங்கள் தெருவில் ஒரு மாடுகூட விழவில்லை, ஒரு ஆளுக்கும் கீறல் இல்லை, தோப்புக்குள் ஒளித்து வைத்திருந்தவர்களும் மாட்டை ஓட்டி வந்தார்கள். என் மச்சான் விலா எலும்பைத் தடவிக்கொண்டு முழு நேரமும் அங்கேயே நின்று பார்த்தார்.

ஒரு தெரு செய்ய முடிந்ததைப் பால் சொசைட்டி இருக்கிற ஊரெல்லாம் செய்ய முடியாதா? சொசைட்டி கட்டிடத்தை ஒட்டி ஒரு கூண்டு, மேலே ஒரு தகரக் கொட்டகை. ஊராட்சி நிதியோ ஒன்றிய நிதியோ எதுவானாலும் சரி, ஒரு சிமெண்டு சாலையின் ஒரு மூலைக்கு ஆகிற செலவுகூட இருக்காது. அதோடு பயிற்சி. தர்மபுரி குண்டல்பட்டியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது, ஓசூர் மத்திகிரியில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிற பெரிய அரசு கால்நடைப் பண்ணை இருக்கிறது. தீவனம், கொட்டகை, நோய் பற்றியெல்லாம் வகுப்பு நடக்கிறது. மாட்டைப் பிடிப்பது, நடத்துவது, கயிறு போடுவது பற்றி ஒரு நாள் வகுப்பு, மாட்டோடு நின்று செய்து காட்டுகிற வகுப்பு வேண்டும். மாடு பிடிக்கத் தெரிந்த வயதானவர்கள் ஊருக்கு ஒருவர் இருவர் இன்னும் இருக்கிறார்கள், அவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பெண்களைக் கட்டாயம் கூப்பிடுங்கள்.

சந்தையைப் பற்றி எழுதாமல் விட்டால் மனசு கேட்காது. போச்சம்பள்ளி, காரிமங்கலம் என்று நம் பக்கத்தில் பேர் போன சந்தைகள், துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிற அழகை நான் இன்றைக்கும் நின்று பார்ப்பேன். எந்தச் சந்தை என்று சொல்லவில்லை, ஒரு விடிகாலையில் நான் விற்ற மாட்டைச் சின்ன யானை என்கிற சிறிய சரக்கு வண்டியில் ஏற்றினார்கள். வண்டியின் தரை என் இடுப்பு உயரம். சாய்தளம் கிடையாது. முன்னால் மூன்று பேர் மூக்கை இழுக்க, பின்னால் ஒருவர் வாலை முறுக்கி மடித்தார், எலும்பு நொடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. எட்டு வருடம் என் வீட்டில் பால் கொடுத்த மாடு. பணத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டு நின்றேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் வருவதில்லை.

1978-லேயே விலங்குகளை ஏற்றிச் செல்ல மத்திய அரசின் விதிகள் வந்துவிட்டன. சரக்கு வண்டியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது, தரை வழுக்காமல் விரிப்பு போட வேண்டும், மாடுகள் மிரளாமல் இருக்க முகம் இன்ஜின் பக்கம் பார்த்திருப்பது நல்லது, கூட ஒரு ஆள் இருக்க வேண்டும், ஏற்றத் தகுந்த கயிறும் மேடையும் வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. வண்டியைப் பிடித்து அபராதம் போடுவது நடக்கிறது, நடக்கட்டும். ஆனால் மேடை இல்லாத சந்தையில் வண்டிக்காரர் என்ன செய்வார்? மாட்டுக்கு இவ்வளவு என்று சுங்கம் வாங்குகிறார்கள், வருடா வருடம் சந்தை ஏலம் போகிறது. அந்தப் பணத்தில் மண்ணும் கல்லும் சிமெண்டும் வைத்து இரண்டு சாய்தளம் கட்டலாம், ஒன்று லாரி உயரத்துக்கு, ஒன்று சின்ன வண்டி உயரத்துக்கு. இரண்டு பக்கமும் நெஞ்சு உயரச் சுவர், தரையில் குறுக்கே வரிவரியாகக் கோடு, குளம்பு பிடிக்க. பழைய காலத்தில் ஏரிக்கரை மேட்டுக்கு வண்டியைப் பின்னால் தள்ளி நிறுத்தி மாட்டை நேராக நடத்தி ஏற்றுவார்கள் என்று அப்பா சொல்வார். அந்த மேடுதான் இப்போது வேண்டும்.

ஐயா, உங்கள் நிருபர் ஒருவரை ஒரு சந்தை நாளில் விடிகாலை நான்கு மணிக்கு அனுப்புங்கள். ஏற்றுகிற இடத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் அடுத்த தடுப்பூசிச் சுற்றில் எங்கள் தெருவுக்கும் வரச் சொல்லுங்கள். கூண்டின் அளவு, குழாய் கனம், எவ்வளவு செலவானது என்ற கணக்கு நோட்டு எல்லாம் என் மச்சானிடம் இருக்கிறது, எந்த ஊர்க்காரர் வந்து கேட்டாலும் காட்டுவார். வருகிறவர் மாட்டுக்குப் பின்பக்கமாக வராமல் பக்கவாட்டில், அது பார்க்கிற மாதிரி வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு பால் உற்பத்தியாளர்,
காவேரிப்பட்டணம் அருகில்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.